போய்ப் பார்த்தார்கள், வந்தார்கள். பிறகு?

ஒரு நாட்டில் பலித்த பாடமுறையை இன்னொரு நாடு கற்றுக்கொள்ளும் திட்டம் எப்படிப் போனது என்று கேட்டால், பெரும்பாலான அறிக்கைகள் ஆட்கணக்கைத்தான் சொல்கின்றன. எத்தனை நாட்டுப் பிரதிநிதிகள் வந்தார்கள், எத்தனை ஜூம் கூட்டங்கள் நடந்தன, எத்தனை பேர் "பயனுள்ளது" என்று டிக் அடித்தார்கள். பயணப்படியும் மூன்று நாள் ஓட்டல் அறையும் கொடுத்துக் கூட்டிவந்தவரிடம் பயன் இருந்ததா என்று கேட்டால் வேறென்ன சொல்வார்?

விஷயம் சின்னதல்ல. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் பத்து வயதுக் குழந்தைகள் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேரால் ஓர் எளிய பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்பது 2022இல் உலக வங்கியும் யுனெஸ்கோவும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீடு. நாடுகள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்க வேண்டும் என்றுதான் 2019இல் கிக்ஸ் என்ற அறிவுப் பரிமாற்றத் திட்டம் வந்தது. கனடா அரசின் வளர்ச்சி ஆய்வு நிறுவனமான ஐடிஆர்சி நடத்துகிறது. ஆப்பிரிக்காவில் ஆங்கிலம் புழங்கும் நாடுகளுக்கு ஒரு மையம், பிரெஞ்சு புழங்கும் நாடுகளுக்கு வேறொன்று. நோக்கத்தில் எனக்குக் குறையில்லை. பாடமுறை எல்லை தாண்டியதா என்று மட்டும் பார்த்துவிட்டு, அதைத் தாங்கிப் பிடித்த நிர்வாகமும் கூடவே போனதா என்று பார்க்காமல் விடுகிறோம். என் சண்டை அதோடுதான்.

ஜாம்பியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நடக்கும் 'கேட்ச் அப்' திட்டத்தின் வேர் இந்தியாவின் பிரதம் அமைப்பு. ஒவ்வொரு குழந்தையையும் தனியாக உட்கார வைத்துச் சில நிமிடம் வாய்மொழிச் சோதனை: எழுத்து தெரியுமா, சொல், பத்தி, கதை. எந்தப் படியில் நிற்கிறதோ அந்தக் குழுவில் சேர்க்க வேண்டும், வகுப்பைப் பார்க்கக் கூடாது. (நம் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் பிரிவைத் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.) ஜாம்பியா 2016இல் 80 பள்ளிகளில் சோதித்துப் பார்த்துவிட்டு, 3 முதல் 5 வரை உள்ள வகுப்புகளுக்கு விரிவாக்கியது.

கேட்க எளிது. ஆனால் இந்தியாவிலேயே இது எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. பீகாரிலும் உத்தராகண்டிலும் அரசு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கருவிகளும் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, வகுப்பில் நடப்பது பெரிதாக மாறவில்லை. 2012-13இல் ஹரியானாவில் மாறியது. அங்கே மேற்பார்வை அலுவலர்களே முதலில் 15, 20 நாள் வகுப்பெடுத்துப் பழகினார்கள். அதன் பிறகுதான் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கால அட்டவணையில் இதற்கென்றே ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டது. அதில் பாடப்புத்தகத்தைத் திறக்கக் கூடாது. ஆக, இந்த முறையின் உயிர் சோதனைத்தாளில் இல்லை. அந்த ஒரு மணி நேரத்திலும், தானே எடுத்துப் பழகிய அலுவலரிடத்திலும் இருக்கிறது. சுற்றுலாக் குழு படம் பிடித்துக்கொண்டு போவதோ வண்ண அட்டைகளை.

எதை விட்டால் என்ன போகும் என்று தெரியாமல் விடுவதும் உண்டு. உகாண்டாவின் வடக்கே லாங்கோ வட்டாரத்தில் தாய்மொழியில் எழுத்தறிவு கற்பிக்கும் திட்டம் ஒன்றை இரண்டு வடிவங்களில் ஒப்பிட்டார்கள். முழுச் செலவு வடிவத்தில் வாசிப்பு மிக நன்றாக உயர்ந்தது. மலிவு வடிவத்தில் நேரடிப் பயிற்சிக்குப் பதிலாக அரசின் ஒருங்கிணைப்பாளர்கள் வழியாகப் படிப்படியாகக் கீழிறங்கும் பயிற்சி. சிலேட்டும் சுவர்க்கடிகாரமும் கிடையாது. அதில் எழுத்துகளை அடையாளம் காண்பது முன்னேறியது, ஆனால் எழுதும் திறனின் சில கூறுகளில் திட்டமே இல்லாத பள்ளிகளைவிடப் பின்தங்கினார்கள். எழுத்தறிவுத் திட்டத்தில் சிலேட்டை மிச்சம் பிடித்தால் எழுதுவது எங்கிருந்து வரும்? பட்ஜெட் மேசையில் உட்கார்ந்தவருக்கு அது ஒரு வரிச் செலவு, அவ்வளவுதான்.

கென்யாவின் ஒப்பந்த ஆசிரியர் கதை இன்னும் கசப்பு. மேற்குக் கென்யாவில் தொண்டு நிறுவனம் ஒன்று நடத்திப் பலன் கண்ட திட்டம் அது. பிறகு நாடு தழுவ 192 பள்ளிகளில் சோதித்தார்கள்: சிலவற்றில் வேர்ல்ட் விஷன் என்ற தொண்டு நிறுவனம் நடத்தியது, சிலவற்றில் அரசே நடத்தியது. தொண்டு நிறுவனம் நடத்திய இடத்தில் மதிப்பெண் உயர்ந்தது. அரசு நடத்திய இடத்தில் பலன் பூஜ்யம். ஒரே நாடு, ஒரே பாடத்திட்டம், ஒரே ஒப்பந்தம். சம்பளம் தாமதமானது, கண்காணிப்பு தளர்ந்தது, ஆசிரியர் சங்கத்தோடான மோதலில், ஒப்பந்தம் என்றால் தற்காலிகம் என்ற அர்த்தமே கரைந்துபோனது. ஒரே நாட்டுக்குள் கை மாறும்போதே இந்தக் கதி என்றால், எல்லை தாண்டும்போது "அங்கே நிரூபிக்கப்பட்டது" என்ற வாதத்துக்கு எவ்வளவு மதிப்பு?

நல்ல எதிர்உதாரணமும் உண்டு. 2020 ஊரடங்கில் போட்ஸ்வானாவில் சுமார் 4,500 குடும்பங்களோடு ஒரு சோதனை நடந்தது. வாரம் ஒரு முறை எஸ்.எம்.எஸ்.ஸில் கணக்குப் பயிற்சி, சிலருக்கு அதோடு 15, 20 நிமிடத் தொலைபேசி அழைப்பு. அழைப்பும் சேர்ந்தபோது பிள்ளைகளின் கணக்குத் திறன் முன்னேறியது, எஸ்.எம்.எஸ். மட்டும் என்றால் நம்பும்படியான பலன் இல்லை. அங்கேயே நின்றுவிடாமல் இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டா என்று ஐந்து நாடுகளில் மறுபடி சோதித்தார்கள். நேபாளத்திலும் பிலிப்பைன்ஸிலும் அரசு ஆசிரியர்களே அழைத்தும் பலன் குறையவில்லை. வாரம் ஒரு அழைப்பு என்பது எண்ணிப் பார்க்கக்கூடிய வேலை. நடந்ததா இல்லையா என்று அன்றே தெரியும். அதனால்தான் தாங்கியது என்று நினைக்கிறேன். அறிவுப் பரிமாற்றம் என்றால் எனக்கு இதுதான்: இன்னோர் ஊரில் மறுபடி சோதிப்பது. மாநாட்டில் ஸ்லைடு போடுவதை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

அளவுகோலையே தூக்கிக்கொண்டு போகும் தவறு வேறு. நிமிடத்துக்கு எத்தனை சொல் வாசிக்கிறான் என்பது ஆங்கிலத்துக்குப் பழகிய கணக்கு. 'உன்னை நேசிக்கிறேன்' என்பதை ஜூலு மொழியில் 'ங்கியாகுதாந்தா' என்று ஒரே சொல்லாக எழுதுவார்கள். அதையே செட்ஸ்வானா மொழியில் நான்கு சொல்லாகப் பிரித்து எழுதுவார்கள். தென்னாப்பிரிக்கா இதைப் புரிந்துகொண்டு, 3ஆம் வகுப்பு முடிவில் ஜூலு உள்ளிட்ட நுகுனி மொழிகளுக்கு நிமிடத்துக்கு 35 சொல் என்றும், செசோதோ, செட்ஸ்வானா குடும்பத்துக்கு 60 சொல் என்றும் தனித்தனி இலக்கு வைத்தது. ஒட்டுமொழிக்காரர்களான நமக்கு இதை விளக்கவே வேண்டாம். இந்த இரண்டு எண்களையும் ஒரே பட்டைப்படத்தில் போட்டு "பின்தங்கியது" என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சரி, எப்படி மதிப்பிடுவது? பயணத்துக்கு முன்பே, போகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வியை எழுதி வாங்குங்கள். "வாசிப்பை மேம்படுத்துவது எப்படி" என்பது கேள்வியே அல்ல. "60 பேர் உள்ள வகுப்பில் ஒரே ஆசிரியர் நான்கு குழுக்களை எப்படி நடத்துகிறார்" என்பது கேள்வி. திரும்பிவந்த 60 நாளுக்குள் போனவர்களில் எத்தனை பேர் தாங்களே வகுப்பெடுத்துப் பார்த்தார்கள்? ஆறாம் மாதம் பள்ளிக் கால அட்டவணையில் அந்த மணி நேரம் இருக்கிறதா? ஓராண்டில் அரசின் சொந்த பட்ஜெட்டில் அதற்கு ஒரு தலைப்பு விழுந்ததா? நன்கொடையாளர் பணம் நின்ற அடுத்த ஆண்டு என்ன மிஞ்சியது? கடைசிக் கேள்விக்குப் பதில் வரும் முன்பே இறுதி அறிக்கை அச்சாகிவிடுவது வழக்கம். மதிப்பீட்டுக்கான பணத்தில் ஒரு பகுதியையாவது திட்டம் முடிந்த பின்புள்ள ஆண்டுக்கு ஒதுக்கி வைக்காமல் இது மாறாது.

நேரில் பார்க்கும்போது முன்னறிவிப்பு கூடாது. 300 குழந்தைகளைச் சோதிக்க முடியுமென்றால் 10 பள்ளிகளில் 30 பேர் என்று எடுக்காமல் 30 பள்ளிகளில் பத்துப் பேர் என்று எடுங்கள். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒன்றுபோல் இருப்பார்கள். இரண்டு வழியிலும் எண்ணிக்கை 300தான், முதல் வழியில் தகவல் குறைவு. ஆசிரியர் போட்ட நிலைக்குறியை வேறொருவர் மறுபடி சோதித்து ஒப்பிட வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் 'கதை' நிலையில் இருப்பதாகப் பதிவேடு சொன்னால் சந்தேகப்படுங்கள். எல்லா மாவட்டத்திலும் ஒரே நாளில் தொடங்காமல், சீட்டுக் குலுக்கிப் பாதி மாவட்டங்களை அடுத்த ஆண்டுக்குத் தள்ளினால் ஒப்பிட ஆள் கிடைக்கும்.

யாரை அனுப்புவது என்பதும் மதிப்பீட்டில் வர வேண்டும். செயலர் போவார், அடுத்த ஆண்டு வேறு துறைக்கு மாறிவிடுவார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளரும் மாவட்ட மேற்பார்வையாளரும் பட்ஜெட் அலுவலரும் போகட்டும். கென்யாவின் டுசோமே வாசிப்புத் திட்டம் 2015இல் நாடு முழுவதும் போனபோது, பள்ளிக்குப் போய் வகுப்பைப் பார்க்கும் அலுவலர்கள் கையில் டேப்லட் இருந்தது. அதில் பதிவான வருகையைப் பொறுத்தே பயணப்படி கிடைத்தது. வருகிற குழுக்களை மாதிரி வகுப்பறையில் மட்டும் உட்கார வைக்காமல், அந்தப் பயணப்படி பில் பாஸாகும் கணக்குப் பிரிவிலும் ஒரு நாள் உட்கார வைக்கலாம்.