ஏஐ இருந்தாலும் பேக்கப் கட்டாயம் வேண்டும்

“ஏஐ உள்ள வைரஸ் தடுப்பு மென்பொருளைப் போட்டுவிட்டால் நூற்றுக்கு நூறு பாதுகாப்பு, பேக்கப்கூட (கோப்புகளின் தனி நகல்) தேவையில்லை” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியாவிலும் கடை நடத்துபவர்கள் இதை நம்பிப் பணத்தைப் போட்டுவிடக் கூடாதே என்ற கவலையில் எழுதுகிறேன்.

2019-இல் சைலன்ஸ் நிறுவனத்தின் ஏஐ தடுப்பு மென்பொருளை ஆய்வாளர்கள் ஏமாற்றிக் காட்டினார்கள். ஒரு கணினி விளையாட்டின் கோப்பிலிருந்து எடுத்த எழுத்துத் தொடர்களைத் தீங்கு நிரல்களின் வாலில் ஒட்டினார்கள், அவ்வளவுதான். நிரல்களின் வேலை துளியும் மாறவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றை மென்பொருள் நல்ல கோப்புகள் என்று விட்டுவிட்டது. நிறுவனமும் குறையை ஏற்றுத் திருத்தம் வெளியிட்டது.

ஏஐயால் பயன் உண்டு. இதுவரை யாரும் பார்த்திராத நிரலையும் அதன் நடத்தையை வைத்துச் சந்தேகிக்க அதனால் முடியும். ஆனாலும் அது சொல்வது ஊகமே. ஆயிரத்தில் ஒன்றுதான் பிழை என்றாலும், நாளுக்குப் பத்து லட்சம் நிகழ்வுகளைச் சோதிக்கும் அலுவலகத்தில் ஆயிரம் பொய் எச்சரிக்கைகள் குவியும். அவற்றை யார் உட்கார்ந்து பார்ப்பது?

விற்பவரிடம் பிழை விகிதத்தைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் வாங்காதீர்கள். தீங்கு நிரல் ஏதாவது தப்பி நுழைந்து கோப்புகளைக் கெடுத்தாலும் கணக்கு மிஞ்ச வேண்டும்; அதனால் கடைக் கணக்கின் நகலை, கணினியிலிருந்து கழற்றி வைத்த ஹார்ட் டிஸ்கில் வையுங்கள்.