குளித்தீர்களா, கொழுந்தனாரே?

மைனி: இந்தப் படத்தில் இது என்ன கூட்டம் தம்பி, ஆணும் பெண்ணும் வெள்ளைக்காரரும் சீனரும் ஒரே செவ்வாடையில் நிற்கிறார்களே? கனடாவிலிருந்தும் மேல்மருவத்தூருக்குப் பேருந்து விட ஆரம்பித்துவிட்டார்களா?

கொழுந்தனார்: அது செவ்வாடை இல்லை மைனி. நயாகரா அருவிக்கு அருகே படகில் போகிறவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுக்கும் மழைக்கோட்டு. கனடாப் பக்கத்துப் படகில் ஏறினால் சிவப்பு, எதிர்க்கரையில் அமெரிக்கப் படகில் ஏறினால் நீலம். சாரல் பட்டு யாரும் நனைந்துவிடக் கூடாது என்பதற்காகத் தருகிறார்கள்.

மைனி: அருவிக்குப் போகிறவர்களுக்கா?

கொழுந்தனார்: ஆமாம்.

மைனி: நனையாமல் இருப்பதற்கா?

கொழுந்தனார்: ஆமாம் மைனி.

மைனி: அப்படியானால் எங்கே நின்று குளித்தீர்கள்?

(மைனியின் கை இதற்காகவெல்லாம் நிற்கவில்லை. கல்லிடைக்குறிச்சி வீட்டுத் திண்ணையில் அப்பள உருண்டைகள் நல்லெண்ணெய் பூசிக்கொண்டு வரிசையாகக் காத்திருக்கின்றன. எண்ணெய்க் கையோடு கைபேசியைத் தொட்டுவிடுவாரோ என்ற பயத்தில் கொழுந்தனாரே ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டுகிறார். வெளிநாடு போய்த் திரும்பியவர் கைபேசியை எடுத்ததும் மொத்தம் எத்தனை படம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. மைனி கேட்கவில்லை.)

கொழுந்தனார்: அங்கே குளிக்க முடியாது. குதிரை லாடம் போல வளைந்து விழும் பெரிய அருவி மட்டுமே ஏறக்குறைய 57 மீட்டர் உயரம். அதன் கீழே தலையைக் கொடுத்தால் எலும்பும் மிஞ்சாது.

மைனி: குற்றாலத்திலும்தான் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீசார் விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றிவிடுகிறார்கள். ஒரு நாள், இரண்டு நாள் பொறுத்திருந்தால் வெள்ளம் அடங்கும், பிறகு விட்டுவிடுவார்கள். நீங்கள் ஆறு மாதம் இருந்தீர்களே, அடங்கும் வரை பொறுத்திருந்து குளித்துவிட்டு வந்திருக்கலாமே?

கொழுந்தனார்: அந்த வெள்ளம் அடங்கவே அடங்காது மைனி. ஆனால் இரவில் பாதியாகக் குறைத்துவிடுவார்கள். 1950இல் இரண்டு நாடுகளும் போட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி, சுற்றுலாப் பருவத்தில் பகல் நேரத்தில் வினாடிக்கு 1 லட்சம் கன அடிக்குக் குறையாமல் அருவியில் விழ வேண்டும். மற்ற நேரங்களில் 50 ஆயிரம் கன அடி விழுந்தால் போதும்.

மைனி: திறக்கிறார்கள், குறைக்கிறார்கள் என்றால் அது அருவி இல்லை, மதகு. அந்தத் தண்ணீர் கார் பருவ நெல்லுக்கா, பிசானப் பருவ நெல்லுக்கா?

கொழுந்தனார்: சாகுபடிக்கு இல்லை. பகலில் விடுவது பார்க்க வருகிறவர்களுக்காக. அதற்கு மேல் உள்ளதைத் திருப்பி மின்சாரம் எடுக்கிறார்கள்.

மைனி: பார்ப்பதற்காக 1 லட்சம் கன அடியா! இங்கே கார் பருவத்துக்கு ஜூன் முதல் தேதி வாய்க்காலில் தண்ணீர் விட வேண்டும் என்று உங்கள் அண்ணன் ஒவ்வோர் ஆண்டும் கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். இனிமேல் கன்னடியன் கால்வாய் விவசாயிகள் எல்லாரும் செவ்வாடை உடுத்திப்போய், “பயிர் செய்ய இல்லை ஐயா, சும்மா பார்க்க வந்திருக்கிறோம்” என்று சொல்லிப் பார்க்கலாம்.

கொழுந்தனார்: நீங்கள் எல்லாவற்றையும் கேலி செய்கிறீர்கள். மகன் வாரம் முழுவதும் உழைத்துக் களைத்து, சனிக்கிழமை ஒரு நாள் எங்களுக்காக வண்டியை எடுக்கிறான். டொராண்டோவிலிருந்து 130 கிலோமீட்டர். அன்றைக்கு இருந்த நெரிசலில் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆனது. வண்டியை நிறுத்த இடம் தேடி முக்கால் மணி நேரம் சுற்றினோம், அதற்குக் கட்டணம் வேறு. படகில் 20 நிமிடம். பிறகு அதே நெரிசலில் திரும்பினோம்.

மைனி: குளிக்காத அருவிக்கு 20 நிமிடமே அதிகம். நம் அகஸ்தியர் அருவி பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஆண்டு முழுவதும் விழுந்துகொண்டிருக்கிறது. போனோம், தலையை நனைத்தோம், பாபநாச சுவாமியைக் கும்பிட்டோம், மதியச் சோற்றுக்கு வீடு திரும்பினோம் என்று இருக்கலாம். சரி, அடுத்த படத்தைத் தள்ளுங்கள்.

கொழுந்தனார்: இது மார்ச் மாதக் கடைசியில், நாங்கள் போய் இறங்கிய புதிதில். மேப்பிள் மரத்தில் துளையிட்டு நீர் இறக்கி, அதைக் காய்ச்சிப் பாகு எடுப்பதைப் பார்க்கக் கூட்டிப் போனான். கிட்டத்தட்ட 40 லிட்டர் நீரைக் காய்ச்சினால்தான் 1 லிட்டர் பாகு கிடைக்கும் என்று விளக்கினார்கள். ஆச்சரியமாக இருந்தது.

மைனி: என் கல்யாணத்துக்கு மறுவீடு வந்தபோது, உடன்குடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். புகை கண்ணைக் கரிக்கிறது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய சிறுவன் யார்? அந்தப் புகையில் நிற்க அங்கே நுழைவுச்சீட்டு வாங்கினீர்களா?

கொழுந்தனார்: வாங்கினோம். (குரல் கொஞ்சம் இறங்குகிறது.) இது ஆப்பிள் தோட்டம், புறப்படுவதற்கு முந்தின வாரம் போனது. பையை விலைக்கு வாங்கிக்கொண்டு, நமக்கு வேண்டியதை மரத்திலிருந்து நாமே பறித்துக்கொள்ளலாம்.

மைனி: தோட்டத்தில் பறிக்க வருகிற ஆளுக்குத் தோட்டக்காரர்தானே கூலி கொடுப்பார்? அங்கே பறிக்கிறவர்கள் கூலி கொடுத்துவிட்டுப் பறிக்கிறார்களா? உங்கள் அண்ணனிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். பிசானத்து நடவுக்கு டொராண்டோவிலிருந்து ஆள் கேட்பார்.

கொழுந்தனார்: அது ஒரு அனுபவம் மைனி.

மைனி: அனுபவித்துவிட்டுக் குளித்தீர்களா?

கொழுந்தனார்: ஆப்பிள் தோட்டத்தில் யார் குளிப்பார்கள்?

மைனி: அருவியிலேயே குளிக்காதவர்கள் வேறு எங்கேயாவது குளித்திருக்கலாம் என்று கேட்டேன். சரி, போகிற இடமெல்லாம் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?

கொழுந்தனார்: வெளியே ஐந்து பேர் சாப்பிட்டால் கட்டுப்படியாகுமா? புளியோதரை, தயிர்ச்சோறு, மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவிய இட்லி என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுதான் கிளம்புவோம். எட்டு மணிக்குள் புறப்பட வேண்டும் என்பதால் நாலு மணிக்கே வீட்டில் எழுந்து செய்துவிடுவார்கள்.

மைனி: யார் எழுந்து?

கொழுந்தனார்: வீட்டில்தான்.

மைனி: கனடாவில் வீடு நாலு மணிக்கு எழுந்து புளியோதரை கிளறும் என்று எனக்கு யாருமே சொல்லவில்லையே! இந்த வீட்டிடமும் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள் கொழுந்தனாரே. நான் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அசையாமல் நிற்கிறது.

கொழுந்தனார்: வீட்டில் என்றால் கோமு.

மைனி: அப்பாடா, பெயர் ஞாபகம் இருக்கிறது. இவ்வளவு நேரமாகப் படம் பார்க்கிறேன். உங்கள் மகன், மருமகள், பேத்தி, கருப்புக் கண்ணாடி போட்ட நீங்கள், முன்பின் தெரியாத செவ்வாடைக் கூட்டம் என எல்லாரும் வந்துவிட்டார்கள். கோமுவை எங்கே காணவில்லை?

கொழுந்தனார்: முக்கால்வாசிப் படங்களை எடுத்ததே அவள்தான்.

மைனி: இந்தப் படகுப் படத்தையும் அவளா எடுத்தாள்?

கொழுந்தனார்: இல்லை, மகன் கையை நீட்டி எடுத்தான். பேத்தி தூங்கிவிட்டாள், பைகள் வேறு இருந்தன. அதனால் கோமு கரையில் இருந்துகொண்டாள். படகுக்கு அவளே வேண்டாம் என்றாள் மைனி. சீட்டுக்குக் கொடுக்கும் காசு வீண் என்றாள்.

மைனி: வேண்டாம் என்றால் விட்டுவிடுவதா? இன்று காலையில் மூன்றாவது தோசை வேண்டாம் என்று நீங்கள் சொன்னீர்கள். நான் விட்டேனா?

(கொழுந்தனார் அவசரமாக அடுத்த படத்தைத் தள்ளப் போகிறார். மைனி எண்ணெய் விரலாலேயே திரையை அழுத்திப் பிடித்துக்கொள்கிறார்.)

மைனி: பொறுங்கள். ஆப்பிள் மரத்துக்குப் பக்கத்தில், படத்தின் ஓரத்தில் ஒரு கை தூக்குச்சட்டியோடு நிற்கிறது பாருங்கள். அந்த நெளி வளையலை டவுனில் என்னோடு வந்துதான் வாங்கினாள். ஆறு மாதத்துக்கு ஒரு கைதான் படத்தில் விழுந்திருக்கிறது; அந்தக் கையிலும் சோறு.

கொழுந்தனார்: கண்ணாடி எண்ணெயாகிறது மைனி.

மைனி: துடைத்தால் போய்விடும். அவளை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் ஏன் வந்தீர்கள்?

கொழுந்தனார்: பிசானத்துக்கு நாற்றுப் பாவ வேண்டாமா? நான் வந்துதானே ஆக வேண்டும்? பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதால், தங்கும் காலத்தை நீட்டிக்கக் கேட்டு அவளுக்கு மட்டும் விண்ணப்பம் போட்டிருக்கிறான். அவளுக்கும் அங்கே நன்றாகப் பொழுது போகிறது.

மைனி: திங்கள் முதல் வெள்ளி வரை பிள்ளை, சனிக்கிழமை விடியுமுன் புளியோதரை, இரவு வந்ததும் அந்தப் பாத்திரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் துணி. பொழுது போகத்தான் செய்யும். இங்கேயாவது வயலுக்கு ஒரு பருவம் முடிந்தால் கொஞ்சம் ஓய்வு விடுகிறீர்கள்.

(சிறிது நேரம் குழவி உருளும் சத்தம் மட்டும் கேட்கிறது. கொழுந்தனார் வேட்டி நுனியால் திரையைத் துடைக்கிறார். எண்ணெய் போகாமல் பரவுகிறது.)

கொழுந்தனார்: சரி மைனி, கோபித்துக்கொள்ளாதீர்கள். அவளோடு பேசுகிறீர்களா என்றுதான் கேட்க நினைத்தேன். ஆனால் இப்போது நமக்கு மதியம் மூன்று மணி, அங்கே விடியற்காலை ஐந்தரை. இன்றைக்குச் சனிக்கிழமை வேறு, எல்லாரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

மைனி: வீடு எழுந்திருக்கும்.

கொழுந்தனார்: (கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு) ஒரு காப்பி கிடைக்குமா மைனி?

மைனி: என் கை மாவும் எண்ணெயுமாக இருக்கிறது. நேரே போய் இடது பக்கம் திரும்பினால் அடுக்களை. பால் அடுப்பிலேயே இருக்கிறது, டிகாஷன் இறங்கியிருக்கும், சர்க்கரை டப்பா மேல்தட்டில். வழியில் நெரிசல் கிடையாது, நிற்பதற்குக் கட்டணமும் கிடையாது. எனக்குச் சர்க்கரை குறைவாகப் போடுங்கள்.