தவறாகச் சொல்லித்தரும் பாடத்தை என்னவென்று சொல்வது?

மூன்று வாரங்களாக, இரவுச் சாப்பாடு முடிந்தபின் எனக்குக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தை, கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் விளையாட்டில் ஒரு மெஸ்ஸர்ஷ்மிட் 262 விமானத்தைத் தரையிலிருந்து கிளப்ப முடியாமல் தொலைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் இறங்கிய முதல் ஜெட் போர்விமானங்களில் ஒன்று அது. எளிதில் வசப்படாது என்பது எனக்குத் தெரியும். என் ஆத்திரமெல்லாம், அதைக் கற்றுத்தருவதற்கென்றே அந்தச் சிமுலேட்டரில் வைத்திருக்கும் பயிற்சிப் பாடத்தின் மீதுதான்.

எஞ்சினுக்கு எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடிதான் த்ராட்டில். ‘த்ராட்டிலை முழுவதும் முன்னே தள்ளுங்கள்’ என்கிறது அந்தப் பாடம். சொன்னபடி தள்ளினால், பத்து விநாடிக்குள் இடப்புற எஞ்சின் தீப்பற்றுகிறது. பற்றத்தான் செய்யும்! இந்த விமானத்தின் யுமோ 004 எஞ்சினில், சுழற்சி நிமிடத்திற்கு 6,000 ஆகும்வரை த்ராட்டிலை மிக மெதுவாகத்தான் நகர்த்த வேண்டும். அவசரப்பட்டால், உள்ளே வரும் காற்றுக்கு மிஞ்சிய எரிபொருள் பாய்ந்து வெப்பம் எகிறிவிடும். நிக்கலும் குரோமியமும் கிடைக்காத போர்க்கால ஜெர்மனியில், கிடைத்த உலோகத்தைக் கொண்டு செய்த அந்த எஞ்சின்கள் 10 முதல் 25 மணி நேரம் உழைத்தாலே பெரிது. இந்த பலவீனத்தைச் சிமுலேட்டரில் இவ்வளவு நுணுக்கமாக உருவாக்கத் தெரிந்தவர்களுக்கு, அதைக் கையாளும் முறையை ஒரே ஒரு வரியில் எழுதத் தெரியாமல் போனது எப்படி?

நானே தேடிப் படித்து எஞ்சினைக் காப்பாற்றினால், அடுத்து மூக்குச் சக்கரம் காத்திருக்கிறது. இந்த விமானத்தின் மூக்குச் சக்கரத்தைத் திருப்பும் வசதி விமானியிடம் கிடையாது. அது தன்போக்கில் சுழலும். வேகம் கூடி வாலிலுள்ள சுக்கான் காற்றைப் பிடிக்கும்வரை, இடது வலது பிரேக்குகளைத் தனித்தனியாக அழுத்தித்தான் நேராக ஓட்ட வேண்டும். சிமுலேட்டரைச் செய்தவர்களோ, காலால் இயக்கும் மிதிகட்டை வாங்காத என்னைப் போன்றவர்களுக்கு இரண்டு பிரேக்குகளையும் ஒரே பொத்தானில் கட்டிவைத்திருக்கிறார்கள். விமானம் புல்தரைக்குள் சரிவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர நான் செய்வதற்கு எதுவுமில்லை.

அதையும் தாண்டினால், ‘மூக்கைத் தூக்குங்கள்’ என்று பாடம் முன்கூட்டியே கட்டளையிடுகிறது. ஆறு டன்னுக்கு மேல் எடையுள்ள விமானத்தைத் தள்ள, இரண்டு எஞ்சினும் சேர்ந்து தருவது ஏறத்தாழ 1,800 கிலோ உந்துவிசை மட்டுமே. மூக்கு அளவுக்கு மீறி உயர்ந்தால், காற்றின் இழுவை அந்த விசையைத் தின்றுவிடும், வேகம் ஏறாது, ஓடுபாதை முடிந்துவிடும். 1942 ஜூலை 18 அன்று ஜெர்மனியின் லைப்ஹைமில் சோதனை விமானி ஃப்ரிட்ஸ் வெண்டல் இதை ஜெட் விசையால் மட்டும் முதன்முறை பறக்கவிட்டபோது, அந்த முன்மாதிரிக்கு மூக்குச் சக்கரத்துக்குப் பதில் வால் சக்கரம்தான் இருந்தது; அதனால் வால் தாழ்ந்து மூக்கு உயர்ந்தே நின்றது. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக்கை லேசாகத் தட்டித்தான் அவர் வாலை உயர்த்தினார். அந்தத் தட்டலை அவருக்கு முன்கூட்டியே சொல்லித்தர ஆட்கள் இருந்தார்கள். எனக்குப் பொய் சொல்லும் பாடம்தான் இருக்கிறது.

ஒவ்வொரு முறை தோற்றதும், ஓடுபாதை முனையிலிருந்து தொடர வழியில்லை. எஞ்சினை முடுக்குவது முதல் மீண்டும் தொடங்கி, ஆறு நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காசு கொடுத்து வாங்கியவன் கேட்கிறேன்: அந்த த்ராட்டில் வரியைத் திருத்துங்கள், பிரேக்கை இரண்டு பொத்தான்களாகப் பிரியுங்கள்.