மாப்பிள்ளையின் தொப்பையும் அக்காவின் இடுப்பும்

கல்யாண வீட்டில் ஒரு பெண்ணைப் பார்த்ததும் "என்னடி இப்படிக் குண்டடிச்சிட்ட" என்று கேட்க யாருக்கும் கூச்சமில்லை. பக்கத்திலேயே வேட்டிக்கு மேல் தொப்பை பிதுங்க நிற்கும் அவள் கணவரிடம் "மாப்பிள்ளை நல்லா தெம்பா இருக்கார்" என்கிறோம். எங்கள் கடலூரிலும் இதே கதைதான். கேட்கக் கேட்கக் கோபம் வருகிறது. ஏனென்றால் முதலில் கவலைப்பட வேண்டியது அந்தத் தொப்பையைப் பார்த்துத்தான்.

ஆணைவிடப் பெண்ணுடம்பில் கொழுப்பு அதிகம் இருப்பதுதான் இயல்பு. பிள்ளை பெறவும் பாலூட்டவும் அது வேண்டும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அதைப் பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும் தோலுக்கடியில் சேர்க்கிறது. அங்கே இருப்பது அவ்வளவு கெடுதல் செய்யாது. ஆணுக்கோ இளவயதிலேயே வயிற்றுக்குள், குடலைச் சுற்றிச் சேர ஆரம்பித்துவிடுகிறது. சர்க்கரை, கொழுப்புக் கல்லீரல், மாரடைப்பு என்று இழுத்துக்கொண்டு போவது இந்த உள்கொழுப்புதான். மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் குறைய, பெண்ணுக்கும் கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்குகிறது. ஐம்பதை நெருங்கும் அக்காவுக்கு வயிறு போட்டால் "தின்னுட்டுத் தூங்குறா" என்று சொல்வது அநியாயம்.

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 40.4 சதவீதப் பெண்களுக்கும் 37 சதவீத ஆண்களுக்கும் எடை அதிகம். வித்தியாசம் கொஞ்சம்தான், ஏச்சு மட்டும் ஒரு பக்கமே விழுகிறது.

ஹார்மோனோடு விஷயம் முடியவில்லை. காலை ஆறு மணிக்கு ஆண்கள் சில்வர் பீச்சில் நடக்கும்போது, வீட்டில் மனைவி இட்லி ஊற்றி டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டிருக்கிறாள். ராத்திரி எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபின், முட்டையும் கூட்டும் தீர்ந்திருக்கும். குழம்புச் சட்டியிலேயே மிச்சச் சோற்றைப் போட்டுப் பிரட்டி, வீணாகக் கூடாதே என்று இன்னொரு கரண்டியும் சேர்த்துச் சாப்பிட்டு, பத்தரைக்குப் படுக்கிறாள். இதில் எங்கே இருக்கிறது சோம்பேறித்தனம்?

அண்ணன்மார்களே, இன்ச் டேப்பைத் தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பாருங்கள், வயிற்றை எக்காமல். "பேன்ட் சைஸ் 34 தானே" என்பது செல்லாது, நீங்கள் பேன்ட் போடுவது தொப்பைக்குக் கீழே. நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பதுதான் எல்லை. தாண்டியிருந்தால் சர்க்கரையும் பிரஷரும் பார்த்துவிடுங்கள், வயது முப்பதாக இருந்தாலும் சரி. அப்புறம், வாரத்தில் பாதி நாளாவது காலை டிபன் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரம் உங்கள் மனைவி நடந்துவிட்டு வரட்டும்.