ஓர நாற்காலிகள்

10 நாள் டாங்கோ நடன வகுப்பு எடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். சில வருஷத்துக்கு முன் அதே குழுவுக்குப் போனபோது 8 ஜோடி சேர்ந்தாலே பெரிது. இந்த முறை கூடத்தில் கால் வைக்க இடமில்லை. அவ்வளவு மகிழ்ச்சி எனக்கு. ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்.

சனிக்கிழமை மிலோங்கா. (டாங்கோ ஆடக் கூடும் இரவுக்கு அந்தப் பெயர்.) டி சார்லி இசைக்குழுவின் தாண்டா (ஒரே ஜோடி சேர்ந்து ஆடும் பாட்டுத் தொகுப்பு) ஒன்று ஓடியது, அப்புறம் தாரியென்சோ குழு, அப்புறம் புக்லியேசே குழு. இசை அருமையான தேர்வு. பழகியவர்கள் தங்களுக்குள்ளேயே மாறி மாறி ஆடினார்கள். ஓர நாற்காலிகளில் புதிதாக வந்த ஆறேழு பேர். அவர்களில் ஒரு பெண் காலணியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர், இரண்டரை மணி நேரம் கழித்து யாரோடும் ஆடாமலேயே அதைக் கழற்றிப் பையில் வைத்தார். அடுத்த வாரம் அவர் வருவாரா?

கபேசெயோ அழகான வழக்கம். தூரத்திலிருந்தே கண்ணைப் பார்த்துத் தலையசைத்து அழைப்பது. வேண்டாம் என்றால் பார்வையைத் திருப்பிக்கொள்ளலாம், யாருக்கும் சங்கடமில்லை. ஆனால் யாருமே அந்தப் பக்கம் பார்க்காவிட்டால் அதே வழக்கம் சுவராகிவிடுகிறது.

ஒரு தாண்டா என்பது வழக்கமாக 4 பாட்டு, சுமார் 12 நிமிடம். ஒரு இரவில் ஒரே ஒரு தாண்டாவைப் புதியவருக்குக் கொடுங்கள் என்று பழகியவர்களிடம் சொன்னேன். ஆடும் தளத்தில் பாடம் நடத்த வேண்டாம், நடத்தவும் கூடாது. அணைத்து, இசைக்கு நடந்தால் போதும். எதிரில் இருப்பவரின் எடை முழுதும் ஒரு காலுக்கு வரும்வரை காத்திருக்க, புதியவரோடு ஆடும்போதுதான் நாமே ஒழுங்காகக் கற்றுக்கொள்கிறோம். நான் கற்றது அப்படித்தான்.

இன்னொன்று, ரோண்டா. எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் வரிசையாக நகரவேண்டிய தளத்தில், வீடியோ பார்த்துப் பழகிய உயரமான உதைகள். ஒருவர் குதிகாலில் அடிபட்டது. மூன்றாம் நாள் திட்டமிட்ட பாடத்தை ஒதுக்கிவிட்டு ஒன்றரை மணி நேரம் நடை மட்டுமே கொடுத்தேன். முதலில் முணுமுணுப்பு. முடியும்போது கூடமே ஒரே மூச்சாக நகர்ந்தது.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், அர்ஜென்டினாவின் ப்யூனஸ் அயர்ஸிலும் உருகுவேயின் மான்டிவிடியோவிலும், கப்பலேறி வந்த குடியேறிகளும் உள்ளூர் ஏழைகளும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் கலந்த தெருக்களில் உருவான ஆட்டம் இது. அந்நியரை அணைத்துக்கொள்வதுதான் இதன் பிறவிக் குணம் என்று நம்புகிறேன். 2009-இல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் மரபு என்று பட்டியலில் சேர்த்தது. ஓர நாற்காலியில் இருப்பவருக்கும் அந்த மரபில் பங்கு உண்டுதானே.

கிளம்பும்போது அமைப்பாளர்களிடம் சொன்னேன்: அடுத்த முறை என்னை 5 நாளுக்கு மட்டும் கூப்பிடுங்கள். மிச்சமாகும் பணத்தில் வாரம் ஒரு பிராக்டிகாவுக்கு (சேர்ந்து பழகிப் பார்க்கும் பயிற்சி நேரம்) கூடத்தை எடுங்கள், புதியவர்களை வரவேற்கப் பழகியவர்களில் இரண்டு பேரை வாசலருகே உட்காரச் சொல்லுங்கள்.