பாறுக்கு எமன் காட்டில் இல்லை

சின்ன வயதில் பாட்டியோடு திருக்கழுக்குன்றம் மலை ஏறியிருக்கிறேன். உச்சி வெயிலில், பாறையில் வைத்த சர்க்கரைப் பொங்கலைத் தின்ன ஒரு கழுகு இறங்கியது. "காசியில குளிச்சிட்டு வருதுடா, கும்பிட்டுக்கோ" என்றார் பாட்டி. நான் பொங்கலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மஞ்சள்முகப் பாறு என்பதெல்லாம் ரொம்பப் பின்னால் தெரிந்துகொண்டது. தொண்ணூறுகளோடு அந்த வரவும் நின்றுபோனது.

நாடு முழுக்கவே அப்போது பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. பாகிஸ்தானில் நடந்த ஆய்வு ஒன்று 2004இல் வெளியானபோதுதான் காரணம் பிடிபட்டது. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் வலி ஊசி. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்து, அதைப் பாறு தின்றால் சிறுநீரகம் போய்விடும். நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவாக மருந்து இருந்தாலே போதும், கூட்டமே காலி. வருடத்துக்கு ஒன்றிரண்டு முட்டை மட்டுமே இடும் பறவை இதை எப்படி ஈடுகட்டும்?

இன்று வெண்முதுகுப் பாறுகள் முதுமலையை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில், கரையோர நீர்மருத மரங்களில் கூடு கட்டுகின்றன. "காட்டைக் காப்பாற்றினால் போதும்" என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டையே இதில்தான். மரம் அப்படியே நிற்கிறது. எமன் வந்தது மருந்துக் கடையிலிருந்து.

2006இல் மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். சரி, அப்புறம்? மனிதருக்கான 30 மில்லி குப்பி மாட்டுத் தொழுவத்துக்குப் போனது. 2015இல் மத்திய அரசு, மாட்டுக்குப் போதாதபடி, குப்பியை 3 மில்லியாகக் குறைத்தது. மருந்துக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2017இல் நம் பாரிமுனைச் சிவப்புக் கட்டடமான சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடு செல்லும் என்றது. மாயாற்றுப் பறவைக்குச் சென்னை செய்த ஆகப் பெரிய உதவி அதுதான் என்பேன். 2023இல் பாறுக்கு அதேபோல ஆபத்தான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் வலி ஊசிகளுக்கும் கால்நடைகளுக்குப் போடத் தடை வந்தது.

ஆனால் தடை தானாக ஊருக்குள் நடந்து போகாது. பாறுகளைக் காக்கப் பாடுபடும் அருளகம் அமைப்பினர் மாடு வளர்ப்பவர், கால்நடை மருத்துவர், மருந்துக் கடைக்காரர் என்று ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசுகிறார்கள். புலி அடித்த மாட்டில் ஆத்திரத்தோடு விஷம் வைப்பவரும் உண்டு. பாறும் சேர்ந்து சாகும். அவருக்கு இழப்பீடு உடனே கையில் கிடைக்க வேண்டும். தாமதமானால் அறிவுரை எடுபடாது.

போன வாரம் மதுராந்தகத்தில் மாடு வைத்திருக்கும் மாமாவிடம், "டாக்டர் எந்த ஊசி போடுறார்னு கேளுங்க, மெலாக்சிகாம்னா பாறுக்கு ஆபத்தில்லை" என்றேன். "கழுகுக்குப் பார்த்தா என் மாட்டுக்கு ஊசி போடணும்?" என்று சிரித்தார். ஆனாலும் கேட்டிருக்கிறார். டாக்டர் நாலு வருஷமாக மெலாக்சிகாம்தான் போடுகிறாராம்.