பீப் சத்தத்துக்குச் சர்வர் பக்கமும் பாருங்கள்

ரிமோட் டெஸ்க்டாப்பில் (வேறிடத்திலுள்ள கணினியை நம் திரையிலிருந்து இயக்கும் வசதி) சத்தம் வராவிட்டால், இணைக்கும்போது ‘இந்தக் கணினியில் ஒலிக்கட்டும்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்கிறது உங்கள் கட்டுரை. பழைய மென்பொருளுக்கு அது பாதி வேலைதான்.

நான் பார்த்துக்கொள்ளும் ஒரு மருந்துக்கடையில் பில்லிங் புரோகிராம் ரொம்பப் பழையது. பார்கோடு பொருந்தாவிட்டால் ஒரு பீப் அடிக்கும். கவுண்டரில் இருப்பவரின் கண் டாக்டர் சீட்டில், கை மாத்திரை அட்டையில். காதை நம்பித்தான் வேலையே. புரோகிராமைச் சர்வருக்கு மாற்றி, கவுண்டரிலிருந்து ரிமோட்டில் இயக்கத் தொடங்கிய அன்று அந்த பீப் நின்றுபோனது, தப்பான பில்லும் போடப்பட்டது. மருந்து விஷயம், பதறிவிட்டேன்.

மதர்போர்டு ஸ்பீக்கரில் அடித்துவந்த விண்டோஸ் பீப், விண்டோஸ் 7 முதல் ஆடியோ சாதனம் வழியாகப் போகிறது. ரிமோட்டில் என்றால் இணைந்திருப்பவர் கணினியில் ஒலிக்கும். ஆனால் எங்கள் சர்வரில் ஒலியைக் கவனிக்கும் ‘விண்டோஸ் ஆடியோ’ சர்வீஸே (பின்னணியில் ஓடும் புரோகிராம்) ஓடவில்லை. அதைத் தானாகத் தொடங்கும்படி வைத்து, குரூப் பாலிசியில் (விண்டோஸின் நிர்வாக அமைப்புகள்) ஆடியோ திருப்பிவிடுதலையும், அதாவது சத்தத்தை இணைந்திருப்பவர் கணினிக்கு அனுப்புவதையும், அனுமதித்தேன். அப்புறமும் மௌனம்! இணைப்பு துண்டானபோது திறந்தே கிடந்த புரோகிராம் பழைய சாதனத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. மூடித் திறந்ததும் பீப் வந்தது.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்கு எழுதிய புரோகிராம் வேறு கதை. அது மதர்போர்டு ஸ்பீக்கரை நேரடியாக இயக்கும். டாஸ் கணினியைப் போலவே நடந்துகொள்ளும் டாஸ்பாக்ஸ் மென்பொருளுக்குள் ஓட்டினால் அந்த பீப் சாதாரண ஆடியோவாக மாறி ரிமோட்டிலும் வரும். கட்டுரையில் இவற்றையும் சேருங்கள், தயவுசெய்து.